ஆறாவது வரைவு

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 56,825 சதுர கிலோமீட்டர் நிலத்தைச் சூழல் உணர்திறன் பகுதியாக அறிவிக்கப்போவதாக மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வரைவு அறிவிக்கை வெளியிட்டது. அதன் தேதி 2024 ஜூலை 31. ஆட்சேபம் உள்ளவர்கள் 60 நாளுக்குள் எழுதலாம் என்று அதில் இருந்தது. கேரளப் பட்டியலில் வயநாடு மாவட்டத்தின் 13 கிராமங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் வெள்ளரிமலை.

முந்தின நாள், ஜூலை 30 பின்னிரவில், அந்த வெள்ளரிமலையின் மேல்சரிவு உடைந்து இறங்கியிருந்தது. புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை ஆகிய குடியிருப்புகள் பாறையும் சேறும் மூடிக் காணாமல் போயின. மண்ணும் மரமும் சுமார் 8 கிலோமீட்டர் தூரம் ஓடின. உடல்கள் சாலியாற்றில் அடித்துவரப்பட்டு, அடுத்த மாவட்டமான மலப்புறத்தில் நிலம்பூர்ப் பக்கம் கரையேறின. இறந்தவர்கள் 250 பேருக்கு மேல். வரைவு வெளியான நாளில் தேடுதல் முடிந்திருக்கவில்லை.

அது ஆறாவது வரைவு. முதல் வரைவு 2014 மார்ச் 10 அன்று வந்தது. அதன்பின் 2015 செப்டம்பர், 2017 பிப்ரவரி, 2018 அக்டோபர், 2022 ஜூலை என்று நான்கு. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய அதே பரப்பு, அதே கிராமங்கள். சட்டப்படி வரைவு அறிவிக்கைக்கு ஆயுள் உண்டு. அதற்குள் இறுதி அறிவிக்கை வராவிட்டால் அது செத்துவிடும். முதலில் அந்த ஆயுள் 545 நாள், பின்னர் 725 நாள். தேதிகளைக் கூட்டிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது: முதல் இரண்டு வரைவுகளும் காலாவதியாகச் சில நாட்களே இருக்கும்போது அடுத்தது வந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டு வரைவின் ஆயுள் 2024 ஜூன் கடைசியில் முடிந்தது, ஒரு மாதம் கழித்து ஆறாவது வந்தது. ஆக, பத்து ஆண்டுகளாக இந்த நாடு மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி எடுத்த முடிவு, முடிவெடுப்பதைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதுதான்.

எதிர்காலத்தைக் கணிக்க நிபுணர் குழுக்களை அமைப்பதில் நமக்குத் தயக்கம் இருந்ததில்லை. அவர்கள் கூடிப் பேசுகிறார்கள், களம் போகிறார்கள், வரைபடம் தருகிறார்கள். அந்த அறிக்கைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதை ஒரே மலையை வைத்துக் கடைசிவரை பின்தொடர்ந்து பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன். இந்த மலையிலிருந்து வரும் நீரைக் குடித்துத்தான் தமிழ்நாட்டின் பெரும்பகுதி வாழ்கிறது.

கதை தொடங்கியதும் தமிழ்நாட்டில்தான். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்று மாதம் கழித்து, 2010 பிப்ரவரியில், கோத்தகிரியில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாப்பு இயக்கத்தினரின் கூட்டம் நடந்தது. 1987, 88ஆம் ஆண்டுகளில் மலைத்தொடர் நெடுகிலும் நடைப்பயணம் போன இயக்கம் அது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் கோத்தகிரிக்கு வந்திருந்தார். அடுத்த மாதமே, மார்ச் 4 அன்று, சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையில் மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் நிபுணர் குழு அமைக்கப்பட்டது. இவ்வளவு வேகமாக நடந்த காரியம் இந்தக் கதையில் இது ஒன்றுதான்.

குழு 1,29,037 சதுர கிலோமீட்டரை எடுத்துக்கொண்டது. பக்கத்துக்கு ஏறக்குறைய 9 கிலோமீட்டர் கொண்ட கட்டங்களாக மலையைப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் உயிரினச் செழுமை, சரிவு, உயரம், காடு இவற்றைக் கொண்டு மதிப்பெண் போட்டது. பிறகு தாலுகா வாரியாக மூன்று மண்டலம் வகுத்தது. முதல் மண்டலத்தில் புதிய சுரங்கத்துக்கும் கல்குவாரிக்கும் அனுமதி கூடாது, இருக்கும் சுரங்கங்களை 2016க்குள் மூட வேண்டும், பெரிய அணை கூடாது. மலை முழுவதற்கும் பொதுவாகச் சில விதிகள்: புதிய மலைவாசத்தலம் வேண்டாம், பொது நிலத்தைத் தனியாருக்கு மாற்ற வேண்டாம், 30 விழுக்காட்டுக்கு மேல் சரிவுள்ள நிலத்தில் ஆண்டுதோறும் உழுது விதைக்கும் பயிரைத் தவிர்க்க வேண்டும். வயநாட்டின் மூன்று தாலுகாக்களான வைத்திரி, மானந்தவாடி, சுல்தான் பத்தேரி ஆகியவற்றைக் குழு முதல் மண்டலத்தில் வைத்தது. முண்டக்கையும் சூரல்மலையும் வைத்திரி தாலுகாவில் இருக்கின்றன.

அறிக்கை 2011 ஆகஸ்ட் 31 அன்று அமைச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அமைச்சகம் அதை வெளியிடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்டார், மறுத்தார்கள். மத்தியத் தகவல் ஆணையம் கொடுக்கச் சொன்னது. அமைச்சகம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றமும் கைவிட்ட பிறகு, 2012 மே மாதம் அறிக்கை வெளிவந்தது. ஏறக்குறைய ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதத்தில் மலையில் எந்த மாற்றமும் நிகழவில்லை என்று சொல்லலாம். ஆனால் அறிக்கையின் தலைவிதி அப்போதே முடிவாகிவிட்டது. மக்கள் அதைப் படிப்பதற்கு முன்பே, அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல வேறு பலர் வந்துவிட்டார்கள்.

இடுக்கியிலும் வயநாட்டிலும் பரவிய செய்தி, குடியேறிய விவசாயிகள் வெளியேற்றப்படுவார்கள் என்பது. அறிக்கையில் அப்படி இல்லை. ஆனாலும் அந்த அச்சத்தை வெறும் புரளி என்று ஒதுக்க முடியாது. வனத்துறையோடு பல தலைமுறை தாவாவில் வாழ்ந்தவர்கள், பட்டா கிடைக்கக் காத்திருந்தே கிழவரானவர்கள், ‘மண்டலம்’ என்ற பேச்சைக் கேட்டதும் கலங்கியதில் நியாயம் இருந்தது. அந்தக் கலக்கத்தின் பின்னால் வேறு சிலருடைய கணக்கும் இருந்தது. கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஒரு கட்டத்தில் அந்தச் சிறிய மாநிலத்துக்குள் 5,924 கல்குவாரிகளை வரைபடத்தில் குறித்தார்கள். விவசாயியின் பயமும் குவாரிக்காரரின் லாபமும் ஒரே ஊர்வலத்தில் நடந்தன. கடையடைப்புகள் நடந்தன, 2013 நவம்பரில் தாமரச்சேரிப் பக்கம் வன்முறை வெடித்தது. காட்கில் அறிக்கையை ஆதரித்துப் பேசிய இடுக்கி எம்.பி. பி.டி. தாமஸுக்கு, அவர் உயிரோடு இருக்கும்போதே, சவ ஊர்வலம் நடத்தினார்கள். 2014 தேர்தலில் அவருடைய கட்சி அவருக்கு அந்தத் தொகுதியைக் கொடுக்கவில்லை. மற்ற அரசியல்வாதிகள் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் இன்றுவரை மாறவில்லை.

மையமான விஷயம் ஒன்று இந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. காட்கில் குழு தன் மண்டலக் கோடுகளை இறுதியானவை என்று சொல்லவே இல்லை. கிராம சபைகளில் வைத்து, அந்தந்த ஊர் மக்கள் பேசி, திருத்தி, அதன்பிறகுதான் எல்லை முடிவாக வேண்டும் என்பதே அதன் பரிந்துரை. அறிக்கையை ஊர்மொழிகளில் கொண்டுபோய் ஒவ்வொரு கிராம சபையிலும் வாசித்திருக்க வேண்டும். எந்த மாநில அரசும் அதைத் தன் வேலையாக எடுத்துச் செய்யவில்லை. தடைகளைப் பற்றித்தான் எல்லோரும் சண்டையிட்டார்கள். முடிவெடுக்கும் உரிமையை ஊருக்குக் கொடுக்கச் சொன்ன பகுதியைப் பற்றி ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அதிகம் பேசவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இதுதான்.

ஓர் அறிக்கை பிடிக்காவிட்டால் இன்னொரு குழு. 2012 ஆகஸ்டில் விண்வெளி விஞ்ஞானி கே. கஸ்தூரிரங்கன் தலைமையில் உயர்நிலைப் பணிக்குழு அமைந்தது. 2013 ஏப்ரலில் அறிக்கை தந்தது. இந்தக் குழு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மலையை இரண்டாகப் பிரித்தது. காடாக எஞ்சியிருப்பது இயற்கை நிலப்பரப்பு. தோட்டம், வயல், ஊர் எல்லாம் பண்பாட்டு நிலப்பரப்பு. முன்னதில் மட்டும் கட்டுப்பாடு போதும் என்றது. அதன் கணக்கில் மலையின் மொத்தப் பரப்பு 1,64,280 சதுர கிலோமீட்டர், பாதுகாக்க வேண்டியது அதில் 37 விழுக்காடு, ஏறக்குறைய 60,000. ஆறு மாநிலங்களில் 4,156 கிராமங்கள்; தமிழ்நாட்டில் 135. காட்கில் இதை எதிர்த்துக் கஸ்தூரிரங்கனுக்குத் திறந்த கடிதம் எழுதினார். காட்டை மட்டும் காப்பாற்றிவிட்டு அதைச் சுற்றியுள்ள சரிவுகளைக் கைவிட்டால் நீரும் மண்ணும் அந்தக் கோட்டை மதிக்கப்போவதில்லை என்பது எவரும் புரிந்துகொள்ளக்கூடிய ஆட்சேபம்.

மூன்றாவதாகக் கேரள அரசே ஒரு குழு அமைத்தது. அதன் அறிக்கைக்குப் பின் கேரளத்தின் பங்கு 13,108 சதுர கிலோமீட்டரிலிருந்து 9,993.7ஆகக் குறைந்தது. 56,825 என்ற எண் அப்படி வந்ததுதான். அந்தக் குறைந்த எண்ணும் இறுதி அறிவிக்கையாகவில்லை. மாநிலங்களின் ஆட்சேபங்களைக் கேட்க 2022இல் இன்னொரு குழு அமைந்தது. முண்டக்கைச் சரிவு நடந்து இரண்டு மாதத்தில், 2024 செப்டம்பரில், கர்நாடக அமைச்சரவை கஸ்தூரிரங்கன் அறிக்கையை ஏற்பதில்லை என்று முடிவு செய்தது. பட்டியலில் மிகப் பெரிய பரப்பு, 20,668 சதுர கிலோமீட்டர், கர்நாடகத்தினுடையது.

அறிக்கைகள் கைமாறிக்கொண்டிருந்த ஆண்டுகளில் மலையில் நடந்தவை இவை. 2018இல் குடகிலும் கேரளத்திலும் வெள்ளமும் மண்சரிவும். 2019 ஆகஸ்ட் 8 அன்று மலப்புறம் கவளப்பாறையில் 59 பேர். அதே நாளில் வயநாட்டின் புத்துமலையில் 17 பேர். முண்டக்கை இருக்கும் அதே மேப்பாடி பஞ்சாயத்து அது. அதே வாரத்தில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் மேல் மலை இறங்கி 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் தமிழர்கள், தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் கொழுந்து பறிக்கப் போன குடும்பங்கள். தொலைபேசிக் கோபுரம் செயலிழந்திருந்ததால் அந்தச் செய்தி வெளியுலகுக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

முண்டக்கையிலும் 1984 ஜூலையில் மலை சரிந்து 14 பேர் இறந்திருக்கிறார்கள். மலை தன் பாதையை நாற்பது ஆண்டுக்கு முன்பே காட்டிவிட்டது.

இந்தச் சரிவுகளில் கடினமான பாறையின் மேல் சில மீட்டர் கனத்துக்கு மண் உட்கார்ந்திருக்கிறது. மழை மெதுவாகப் பெய்தால் மண் குடித்து, ஊற்றாக விடும். கொட்டித்தீர்த்தால் நீர் பாறை வரை இறங்கி அங்கே தேங்கி மண்ணை அடியிலிருந்து தூக்குகிறது. ஆழமாக வேரோடிய மரங்கள் இருந்தவரை மண்ணைப் பிடித்துவைத்தன. காடழித்துத் தோட்டமாக்கிய பின் பழைய வேர்கள் மக்கிப்போன இடங்களில் நீர் புகுந்து மண்ணுக்குள்ளேயே குழாய் குடைகிறது. வயநாட்டில் 1950க்கும் 2018க்கும் இடையில் காட்டுப் பரப்பில் 62 விழுக்காடு போய்விட்டதாக ஓர் ஆய்வு சொல்கிறது. சரிவின் அடியை வெட்டிச் சாலையோ கட்டடமோ போட்டால் மேலிருக்கும் மண்ணுக்குத் தாங்கு இல்லை. இதற்கிடையே அரபிக்கடல் சூடேறி, முன்பு பல நாள் பரவலாகப் பெய்த தென்மேற்குப் பருவமழை இப்போது சில மணி நேரத்தில் கொட்டும் நாட்கள் கூடுகின்றன. 2024 ஜூலை மழையை ஆராய்ந்த பன்னாட்டு விஞ்ஞானிகள் குழு, காலநிலை மாற்றத்தால் அந்த மழை ஏறக்குறைய 10 விழுக்காடு கனத்ததாக மதிப்பிட்டது. நிரம்பித் ததும்பும் சரிவுக்கு அந்தப் பத்து விழுக்காடு போதும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதல் வரைவே 2014இல் சட்டமாகியிருந்தால் முண்டக்கை தப்பியிருக்கும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. சரிவு தொடங்கிய இடம் ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில், குடியிருப்புகளுக்கு மிக மேலே. வரைவு தடுப்பது சுரங்கம், குவாரி, மணல் அள்ளுதல், அனல்மின் நிலையம், மிக அதிகமாக மாசுபடுத்தும் ஆலை, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடம் ஆகியவற்றை. ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சிறு வீட்டையோ தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டையோ அது தொடாது. ஆகவே வெறும் அறிவிக்கை போதாது. ஆனால் அறிவிக்கையைக்கூடச் செய்யாத அமைப்பு அதைவிடக் கடினமான வேலைகளைச் செய்யும் என்று நம்ப இடமில்லை. சரிவு வந்தால் மண் எந்த வழியில் இறங்கும் என்று வீடு வீடாகக் குறிக்க வேண்டும். அந்த வழியில் இருப்பவர்களுக்கு மாற்றிடம் கொடுக்க வேண்டும். ஊருக்கு ஊர் மழைமானி வைக்க வேண்டும். கல்பற்றாவில் உள்ள ஹியூம் சூழலியல் மையம் வயநாடு முழுவதும் மழைமானிகள் வைத்துக் கணக்கெடுக்கிறது. ஜூலை 29 காலையே, மண்சரிவு வரலாம் என்று மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் கொடுத்ததாக அம்மையம் சொல்லியிருக்கிறது. சரிவுக்கு அப்போது இன்னும் பதினாறு மணி நேரம் இருந்தது. ஜூலை 31 அன்று நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சர், 23ஆம் தேதியே எச்சரித்தோம் என்றார். சிவப்பு எச்சரிக்கை சரிவுக்குப் பிறகுதான் வந்தது என்றார் கேரள முதலமைச்சர். எச்சரிக்கை யாரிடமிருந்து யாருக்குப் போக வேண்டும் என்பதே முடிவாகாத ஊரில் இரவு ஒரு மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் என்ன செய்திருக்க முடியும்?

அதன்பிறகு நடந்தது இன்னும் கவலை தருகிறது. கோழிக்கோடு மாவட்டம் ஆனக்காம்பொயிலையும் மேப்பாடியையும் இணைக்க 8.11 கிலோமீட்டர் நீள இரட்டைச் சுரங்கப்பாதை. மேப்பாடி முனை கள்ளாடி. புத்துமலையும் சூரல்மலையும் அதற்கு அருகில்தான். மத்திய அமைச்சகத்தின் நிபுணர் மதிப்பீட்டுக் குழு 60 நிபந்தனைகளுடன் பரிந்துரைத்து, 2025 ஜூனில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. ஆகஸ்ட் 31 அன்று வேலை தொடங்கி வைக்கப்பட்டது. வயநாட்டு மக்களுக்கு மழைக்காலத்திலும் அடைபடாத சாலை வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. தாமரச்சேரி மலைச்சாலையில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால் என்னவாகும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் மலை உடைந்து பதினோரு மாதத்துக்குள், பக்கத்து மலையைத் துளைக்க ஒரு நிபுணர் குழு 60 நிபந்தனை எழுத வேண்டியிருக்கிறது என்றால், அந்த அறுபதும் நிறைவேறுகின்றனவா என்று பார்ப்பது யார்? காட்கில் குழு இதற்கென்றே மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் ஆணையம் ஒன்றைச் சட்டபூர்வமாக அமைக்கச் சொன்னது. அது அமையவில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். வரைவில் நம் பங்கு 6,914 சதுர கிலோமீட்டர். நீலகிரியின் கூடலூர், பந்தலூர் தாலுகாக்கள் வயநாட்டோடு ஒட்டியவை. ஒரே பீடபூமி, ஒரே மழை, அதே மாதிரி தோட்டங்கள், அதே மாதிரி லைன் வீடுகள். நீலகிரி மாவட்ட நிர்வாகம் மண்சரிவு அபாயமுள்ள 283 இடங்களைத் தானே பட்டியலிட்டு வைத்திருக்கிறது. 1990இலேயே மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் அமைத்த மாநிலம் இது. நீலகிரிப் பெருந்திட்டம் கட்டட உயரத்தை 7 மீட்டருக்குள் கட்டுப்படுத்துகிறது. சட்டம் இல்லை என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. ஆனால் விதிமீறிய விடுதிகளுக்குச் சீல் வைக்க நீதிமன்றம்தான் மீண்டும் மீண்டும் தலையிட வேண்டியிருந்தது.

சமவெளியில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2024 ஜூலை 30 அன்று காலை முண்டக்கையில் உடல்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை மேட்டூர் அணை 120 அடியை எட்டியது. வயநாட்டின் மறுபக்கச் சரிவுகளில் பெய்த மழை கபினியாக ஓடி, குடகு மழையோடு காவிரியில் சேர்ந்து வந்த தண்ணீர் அது. டெல்டாவில் மக்கள் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியில் தவறில்லை. ஆனால் காடிழந்த மலையிலிருந்து தண்ணீர் இப்படித்தான் வரும்: ஆடியில் ஒரேயடியாக, மாசியில் சொட்டும் இல்லாமல். கபினியின் ஊற்றுகளும் பவானி, அமராவதி, வைகை, தாமிரபரணி ஆகியவற்றின் ஊற்றுகளும் அந்த மண்ணின் கனத்தைப் பொறுத்தவை. ஒரு முறை சரிந்து கடலுக்குப் போன மண் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் திரும்பாது.

ஆறாவது வரைவின் 725 நாள் கணக்கு 2026 ஜூலை கடைசி வாரத்தில் முடிகிறது. ஏழாவதாக இன்னொரு வரைவு எழுதுவது எளிது. தமிழ்நாடு அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. பட்டியலில் உள்ள 135 கிராமங்களின் பெயரும் எல்லையும் அரசிடம் இருக்கின்றன, நீலகிரியின் 283 இடங்களும் கோப்பில் இருக்கின்றன. அவற்றைத் தமிழில் அச்சிட்டு, அந்தந்தக் கிராம சபையில் வாசித்து, எந்த லைன் வீடு மண் இறங்கும் வழியில் இருக்கிறது என்று அங்கே குடியிருப்பவர்களிடமே குறித்து வாங்க டெல்லியின் அனுமதி வேண்டியதில்லை. அந்த வீடுகளைக் காலிசெய்து வேறு இடத்தில் கட்டிக்கொடுக்கும் செலவைத் தோட்ட நிர்வாகமும் அரசும் எப்படிப் பகிர்வது என்பதை மழைக்கு முன்பே, ஜனவரியிலோ பிப்ரவரியிலோ, உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.